செய்திருக்கலாம், செய்திருக்க வேண்டும், செய்திருப்பேன்



இந்த வாரத் தியானம் ஓர் ஆங்கில இலக்கணப் பாடத்திலிருந்து பிறந்தது. திருமறையைத் திறக்கவேண்டிய போதகர் இலக்கணத்தைத் திறக்கிறாரே என்று நினையாமல், சற்றுப் பொறுமையோடு தொடர்ந்து வாசிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

நம்முடைய சபை மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் வாலிபருக்கு ஆங்கிலம் கற்பித்துவருவதை நீங்கள் அறிவீர்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் செவிலியர் படிப்பை முடித்து, வெளிநாட்டு வேலைக்கான தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள். அவர்கள் யாவரும் வந்து இடறுகிற இடம் ஒன்று உண்டு. ‘ஷுட்’, ‘குட்’, ‘வுட்’, ‘மைட்’, ‘மஸ்ட்’ ஆகிய துணைவினைகளோடு ‘ஹேவ்’ சேர்ந்துவரும் வாக்கியமே அது.

அமைப்பைக் கற்பிப்பது எளிது. துணைவினை முதலில் நிற்கும். அதற்குப் பின் ‘ஹேவ்’. அதற்குப் பின் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். ‘கோ, வென்ட், கான்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதில் கடைசியாக நிற்கும் ‘கான்’ தான் அது. எழுவாய் அவனானாலும் அவளானாலும் நடுவிலுள்ள ‘ஹேவ்’ ‘ஹேஸ்’ ஆவதில்லை. காரியம் நேற்று நடந்ததாயினும் ‘ஹேட்’ ஆவதுமில்லை. ‘ஷீ ஷுட் ஹேவ் கான்’ என்பதே சரி. வேகமாகப் பேசுகையில் அந்த ‘ஹேவ்’ தேய்ந்துவிடுவதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அதை ‘ஆஃப்’ என்னும் வேறொரு சொல்லாக எண்ணித் தவறாக எழுதிவிடுவதுண்டு. ஆகவே நம் பிள்ளைகள் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பொருள்தான் கடினம். ஆங்கிலம் ஐந்தாறு சொற்களால் பிரித்துச் சொல்வதை நாம் தமிழில் மூன்றே வடிவங்களில் சொல்லிவிடுகிறோம். ‘மாமா வந்திருக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், ஒருவேளை வந்துவிட்டாரோ என்னும் ஊகமாகவும் அது இருக்கும். வர முடிந்தும் வராமற்போனார் என்னும் வருத்தமாகவும் இருக்கும். முதலாவது ‘மைட் ஹேவ்’, இரண்டாவது ‘குட் ஹேவ்’. இறுதியில் ஓர் ஏகாரம் சேர்ந்து ‘வந்திருக்கலாமே’ என்றாகிவிட்டால், அதில் குற்றச்சாட்டும் ஏறிக்கொள்கிறது.

‘வந்திருக்க வேண்டும்’ என்பது இன்னும் விந்தையானது. வாசலில் செருப்பு கிடக்கிறது. ஆகவே மாமா வந்திருக்க வேண்டும். மாமா நேற்றே வந்திருக்க வேண்டும், இன்னும் காணவில்லை. சொல் ஒன்றுதான், ஆனால் முதல் வாக்கியத்தில் மாமா வந்துவிட்டார், இரண்டாவதில் வரவில்லை. ஆங்கிலம் முதலாவதற்கு ‘மஸ்ட் ஹேவ்’ என்றும், இரண்டாவதற்கு ‘ஷுட் ஹேவ்’ என்றும் வேறு வேறு சொற்களை வைத்திருக்கிறது. ‘வந்திருப்பார்’ என்பதும் அப்படியே: இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார் என்னும் நம்பிக்கையும் அதுதான், பேருந்து கிடைத்திருந்தால் வந்திருப்பார் என்னும் நிறைவேறாத காரியமும் அதுதான்.

இது தமிழின் குறை என்று நான் எண்ணுவதில்லை. பேசுகிறவரின் குரலும் முகமும் எதிரில் இருக்கும்வரை நாம் யாரும் பொருளைத் தவறவிடுவதில்லை. ஆனால் இரவில் தனியே படுத்துக்கொண்டு நம்மோடு நாமே பேசும்போது குரலும் இல்லை, முகமும் இல்லை. அப்போது ‘இருக்கலாம்’ என்று தொடங்கியது ‘இருக்க வேண்டும்’ என்றாகி, ‘இருப்பார்’ என்று போய் முடிவதை நாம் கவனிப்பதேயில்லை.

இதை எனக்குக் காட்டியவர் அந்த வகுப்பிலுள்ள ஒரு மாணவர். அவருடைய தாயாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர்கள் வீட்டுத் தலைவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்றிரவு நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று அவரே சொல்லி, இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தார். பத்து நாட்களுக்கு முன்பும் அப்படி வந்து, விடியற்காலையில் சரியாகியிருந்தது. இம்முறை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றுமுதல் அந்த அம்மையாரை நான் சந்திக்கும்போதெல்லாம் அவர் சொல்லிவந்தது ஒரே வாக்கியம்தான்: “அன்னைக்கு ராத்திரியே கொண்டுபோயிருந்தா பிழைச்சிருப்பார் ஐயா, டாக்டரே சொல்லிட்டாரு.”

‘மைட் ஹேவ்’, ‘வுட் ஹேவ்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிய சனிக்கிழமையன்று, எல்லாரும் போனபின் அந்தப் பையன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். “ஐயா, அன்னைக்கு டாக்டர் இங்கிலீஷ்லதான் சொன்னாரு, நான் பக்கத்துல நின்னேன். அவர் சொன்னது மைட் ஹேவ். அம்மா இத்தனை நாளா அதை வுட் ஹேவ்னு வச்சுக்கிட்டிருக்காங்க” என்றார். மருத்துவர் சொன்னது ‘பிழைத்திருக்கலாம்’ என்பது. ஒருவேளை. தாயாரின் மனதிலோ அது ‘பிழைத்திருப்பார்’ என்று நிச்சயமாகிவிட்டது. அந்த ஒரு சொல் மாறிய இடத்தில் ஒரு பெண் இரண்டு ஆண்டுகளாகத் தன்னைக் கொலைகாரியாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். நான் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய வாக்கியத்தை எடுத்து மூன்றாகப் பிரித்துக் கேட்டேன். அன்றிரவு கொண்டுபோக முடிந்ததா? முடிந்தது, பக்கத்து வீட்டில் கார் இருந்தது. அது ‘குட் ஹேவ்’, உண்மைதான். கொண்டுபோயிருக்க வேண்டுமா? அந்த நேரத்தில், அவருக்கு அப்போது தெரிந்திருந்ததைக் கொண்டு பார்த்தால்? அதற்கு அவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பின்பு, “வாயுன்னுதானே ஐயா அவரும் சொன்னாரு” என்றார். கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா? அதை மருத்துவரும் அறிந்திருக்கவில்லை. கடைசியாக அந்த அம்மையார் என்னைப் பார்த்து, “அப்ப நான் என்னன்னு சொல்லட்டும் ஐயா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியோடுதான் நான் யோவான் 11ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன்.

பெத்தானியாவில் மார்த்தாள் ஆண்டவரைக் கண்டதும் முதலாவது சொல்வது இந்த வாக்கியமே: அவர் அங்கே இருந்திருந்தால் சகோதரன் மரித்திருக்கமாட்டான். பின்பு மரியாள் வருகிறாள். ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அதையே சொல்கிறாள். நான்கு நாட்களாகச் சகோதரிகள் இருவரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இங்கே நான் எழுதுவது ‘மஸ்ட் ஹேவ்’, அதாவது ஊகம். வேதம் அதைச் சொல்லவில்லை, ஆனால் துக்கவீட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது தெரியும். 37ஆம் வசனத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்களும் இதேவிதமாய்க் கேட்கிறார்கள்: குருடனின் கண்களைத் திறந்தவரால் இவன் சாகாமலிருக்கும்படி செய்ய முடிந்திராதா? ஆக, ஒரே அதிகாரத்தில் மூன்று முறை. கிரேக்க மூலத்தில் சகோதரிகளின் வாக்கியங்களில் ‘ஆன்’ என்னும் சிறியதொரு இடைச்சொல் நிற்கிறது; நடவாத ஒன்றைப் பற்றிய பேச்சு இது என்று காட்டும் அடையாளம் அது. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதலில் இங்கே ‘வுட் ஹேவ்’ இல்லை. அக்கால ஆங்கிலம் ‘ஹேட்’ என்னும் ஒரு சொல்லாலேயே அந்தக் கருத்தைச் சொல்லிவிட்டது. பிற்காலத் திருப்புதல்களில்தான் நம் பிள்ளைகள் படிக்கும் வடிவம் வருகிறது.

காலக் கணக்கையும் சற்றுப் பாருங்கள். ஆண்டவர் அப்போது யோர்தானுக்கு அக்கரையில் இருந்தார். செய்தி வந்தபின் இரண்டு நாள் அங்கே தங்கினார். பெத்தானியாவை அடைந்தபோது லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாளாயிற்று. ஆள் போய்ச்சேர ஒரு நாள், ஆண்டவர் வந்துசேர ஒரு நாள் என்று கொண்டால், செய்தி கொண்டுபோனவன் அவரிடம் சேருமுன்பே லாசரு மரித்திருப்பான். ஆண்டவர் அந்த நிமிடமே புறப்பட்டிருந்தாலும் அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழிந்த வீட்டுக்குத்தான் வந்திருப்பார். வேத வியாக்கியானக்காரர் பலர் இந்தக் கணக்கைச் சொல்கிறார்கள். ‘இன்னும் சீக்கிரம் புறப்பட்டிருந்தால்’ என்று நாம் மனதுக்குள் ஓட்டிப்பார்க்கும் எத்தனையோ கணக்குகளை அருகில் போய்ப் பார்த்தால், அவற்றின் கதியும் இதுவாகவே இருக்கக்கூடும்.

ஆனால் ஆண்டவர் மார்த்தாளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டவில்லை என்பதையே நான் மிகவும் நேசிக்கிறேன். அப்படிப் பேசாதே என்று அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அவளோடு உயிர்த்தெழுதலைக் குறித்துப் பேசினார். அதே வாக்கியத்தைச் சொன்ன மரியாளிடம் உபதேசம் ஒன்றும் செய்யாமல் கலங்கி, கண்ணீர் விட்டார். பிற்பாடு, கல்லை எடுத்துப்போடச் சொன்னார்.

நடவாத ஒன்று எப்படி முடிந்திருக்கும் என்பது தேவனுக்குத் தெரியும் என்று வேதம் சொல்கிறது. 1 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தில் தாவீது கேகிலாவில் இருக்கிறான். பெலிஸ்தரிடமிருந்து அந்த ஊரைக் காப்பாற்றியவனே அவன்தான். சவுல் வருவானா, ஊரார் என்னை ஒப்புக்கொடுப்பார்களா என்று கர்த்தரிடத்தில் விசாரிக்கிறான். ஆம், ஒப்புக்கொடுப்பார்கள் என்று உத்தரவு வருகிறது. தாவீது தன் ஆட்கள் ஏறக்குறைய 600 பேரோடு புறப்பட்டுப் போய்விட்டான், சவுலும் வரவில்லை, யாரும் யாரையும் ஒப்புக்கொடுக்கவில்லை. நடவாமலே போன ஒரு துரோகத்தைக் கர்த்தர் அறிந்திருந்தார். அப்படியே மத்தேயு 11:21இல், கோராசினிலும் பெத்சாயிதாவிலும் செய்யப்பட்ட பலத்த செய்கைகள் தீருவிலும் சீதோனிலும் செய்யப்பட்டிருந்தால் அவ்வூரார் அன்றே மனந்திரும்பியிருப்பார்கள் என்று இயேசு சொல்கிறார். இப்படிப்பட்ட வசனங்களை வைத்து, லூயிஸ் டி மோலினா என்னும் ஸ்பெயின் தேசத்து இறையியலாளர் 1588ஆம் ஆண்டில் பெரியதொரு நூலையே வெளியிட்டார். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. நான் அதற்குள் இறங்கப்போவதில்லை. ‘வுட் ஹேவ்’ வாக்கியத்தை நிச்சயத்தோடு சொல்லத் தகுதியுள்ளவர் ஒருவரே இருக்கிறார் என்பதுவரை எனக்குப் போதும். நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ‘மைட் ஹேவ்’ வரைக்கும்தான்.

(இதில் இன்னொரு சிறு காரியம், ஆங்கில வேதாகமத்தைப் பழைய திருப்புதலில் வாசிக்கிறவர்களுக்காக. மத்தேயு 23:37இல் எருசலேமைப் பார்த்து ஆண்டவர் பேசும் இடத்திலும் ‘வுட் ஹேவ்’ போன்ற அமைப்பு வருகிறது. அது ‘சேர்த்திருப்பேன்’ என்று பொருள்படாது. பழைய ஆங்கிலத்தில் ‘வில்’ என்பது விரும்புதல். ‘வுட்’ என்பது விரும்பினேன். கோழி தன் குஞ்சுகளைச் சேர்ப்பதுபோலச் சேர்க்க அவர் எத்தனையோ முறை விரும்பினார். நம்முடைய தமிழ் வேதாகமம் அதை ‘மனதாயிருந்தேன்’ என்று மிகச் சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறது.)

அப்படியானால் ‘ஷுட் ஹேவ்’ என்பதே வேண்டாமா? வேண்டும். இதில் நான் இளக்காரமாக இருக்க விரும்பவில்லை, ஏனெனில் வேதம் அப்படி இல்லை. 2 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில் எலிசா மரணப்படுக்கையில் இருக்கிறான். அம்புகளால் தரையில் அடி என்கிறான். யோவாஸ் ராஜா மூன்று தரம் அடித்து நின்றுவிடுகிறான். தேவனுடைய மனுஷன் கோபங்கொண்டு, ஐந்து ஆறு விசை அடித்திருக்க வேண்டும், அப்போது சீரியரை முற்றிலும் முறிய அடித்திருப்பாய் என்கிறான். ‘ஷுட் ஹேவ்’, ‘வுட் ஹேவ்’ இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற கடினமான வாக்கியம் அது. யோவாசுக்கு மூன்று வெற்றிகளே கிடைத்தன. செய்யாமல் விட்டதற்கு விலை உண்டு.

செய்திருக்க வேண்டியதை அறிந்தே விட்டுவிட்டோமானால் அது பாவம்; பாவத்துக்கு அறிக்கை உண்டு. ஆங்கிலிக்கன் மரபில் காலை ஜெப முறைமையில் 1552ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பொதுப் பாவ அறிக்கையை உங்களில் மூத்தவர்கள் மனப்பாடமாக அறிவீர்கள். அதன் ஆங்கில மூலத்தில், ‘ஷுட் ஹேவ்’ என்பதற்கு இணையான ‘ஆட் டு ஹேவ்’ இரண்டு முறை வருகிறது: செய்திருக்க வேண்டியவற்றை விட்டதற்கு ஒருமுறை, செய்திருக்கக் கூடாதவற்றைச் செய்ததற்கு ஒருமுறை. ஆனால் அந்த அறிக்கை முழுவதிலும் ‘குட் ஹேவ்’ இல்லை. ‘வுட் ஹேவ்’ இல்லை. முடிந்திருக்கக்கூடிய யாவற்றையும் அறிக்கையிடும்படி சபை ஒருவரையும் கேட்கவில்லை. அறிக்கை முடிந்ததும், ஜனங்கள் முழங்காலில் இருக்கும்போதே, பாவமன்னிப்பின் வார்த்தை கூறப்படுகிறது.

அந்த அம்மையாரிடம் இதைத்தான் சொன்னேன். அன்றிரவைக் குறித்து உங்கள் மனச்சாட்சியில் உண்மையான ‘ஷுட் ஹேவ்’ ஒன்று இருக்குமானால், ஞாயிறு காலையில் எங்களோடு சேர்ந்து அதை அறிக்கையிடுங்கள். அங்கே அதற்கு இடம் இருக்கிறது. மற்றவற்றுக்கு அங்கே இடமில்லை அம்மா, என்றேன். அவர் தலையை அசைத்தார். இன்னும் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது என்கிறார். ஆனால் சென்ற வாரம் ஒரு துக்கவீட்டில் அவர் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: “பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் இருந்திருக்கலாம்.” ‘மைட் ஹேவ்’ என்பதன் இரு பக்கங்களையும் இதைவிடத் தெளிவாக என் மாணவர் எவரும் சொன்னதில்லை.

மாணவர்களுக்குப் பிடித்த வடிவம் ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை: ‘நீட் நாட் ஹேவ்’. ஒன்றைச் செய்துவிட்டோம், ஆனால் செய்திருக்கத் தேவையில்லை. மாற்கு 16இல் மூன்று பெண்கள் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு, கல்லைப் புரட்டுவது யார் என்று வழியெல்லாம் கவலைப்பட்டுப் போகிறார்கள். கல் முன்னமே புரட்டப்பட்டிருந்தது. அவர்கள் கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை; அந்த வாசனைத் திரவியங்களை வாங்கியிருக்கவும் தேவையில்லை. உயிர்த்தெழுதலை இந்த ஒரு வினைவடிவத்தைக் கொண்டே விளக்கலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். அடுத்த ஈஸ்டருக்கு அவளையே பேசச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் பவுலைப் பற்றி எழுதவேண்டும். அப்போஸ்தலர் 26இன் முடிவில், இந்த மனுஷன் இராயனுக்கு அபயமிடாதிருந்தால் விடுதலையாகியிருக்கலாம் என்று அகிரிப்பா பெஸ்துவிடம் சொல்கிறான். நல்லெண்ணத்தோடு சொன்ன ‘குட் ஹேவ்’ தான். ஆனால் பவுல் ரோமாபுரியிலும் சாட்சிகொடுக்க வேண்டும் என்று கர்த்தர் ஏற்கெனவே சொல்லியிருந்ததை அகிரிப்பா அறியான். அடுத்த அதிகாரத்திலேயே கப்பல். கிரேத்தாவிலுள்ள நல்ல துறைமுகத்தைவிட்டுப் போகவேண்டாம் என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். யூராக்கிலிதோன் காற்று மோதிற்று; பல நாளாய்ச் சூரியனும் இல்லை, நட்சத்திரங்களும் இல்லை; தளவாடங்களையும் கடலில் எறிந்தார்கள்; எவருக்கும் நம்பிக்கையற்றுப் போயிற்று.

அந்த நேரத்தில் பவுல் அவர்கள் நடுவே எழுந்து நிற்கிறார். அவர் முதலாவது சொன்னது ‘ஷுட் ஹேவ்’ தான்: என் சொல்லைக் கேட்டு, கிரேத்தாவைவிட்டுப் புறப்படாமல் இருந்திருக்க வேண்டும். அவர் அதை மூடி மறைக்கவில்லை, தேனில் தோய்க்கவும் இல்லை. ஆனால் ஒரே ஒருமுறை. அடுத்த வாக்கியத்தில் ‘இப்பொழுதோ’ என்று திரும்புகிறார்: இப்பொழுதோ திடமனதாயிருங்கள், கப்பல் போகும், உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது. பின்பு, விடியும் வேளையில் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி, அப்பத்தை எடுத்து, அனைவருக்கும் முன்பாகத் தேவனை ஸ்தோத்திரித்து, பிட்டுப் புசிக்கத் தொடங்குகிறார். பதினாலு நாளாகப் பட்டினி கிடந்த 276 பேர், பவுலின் சொல்லைக் கேளாத அந்த நூற்றுக்கு அதிபதியும் மாலுமியும் உட்பட, அவரைப் பார்த்துத் தாங்களும் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் மாலை ஆறு மணிமுதல் நான் போதகர் இல்லத்தில்தான் இருக்கிறேன். உங்களிடத்திலும் நெடுநாளாகத் தனியே சொல்லிக்கொண்டிருக்கிற வாக்கியம் ஒன்று இருக்குமானால், வந்து என்னிடம் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம்.